காரிச்சியின் கிழிந்த காது

அந்தக் காலத்தில், விலங்குகள் வாய்விட்டுப் பேசித் திரிந்த நாளில், யானையின் நினைவெல்லாம் காதில்தான் இருந்தது. பின்னே, அத்தனை பெரிய காது ஈ ஓட்டவா? பிறந்த நாளின் நினைவு காதின் அடியில் படியும். நேற்று நடந்தது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

காரிச்சி ஒரு யானைக் கூட்டத்தின் மூத்தவள். பிறக்கும் குட்டிக்கெல்லாம் அவள்தான் பெயர் வைப்பாள். குட்டியின் தலையில் தண்ணீர் தெளித்த பிறகே பெயரை வெளியே சொல்வது வழக்கம். அதுவரை அது அவள் காதோடு இருக்கும்.

அந்த வருடம் கோடை காட்டையே வறுத்தெடுத்தது. கொன்றை என்பவள் ஈன்ற பெண்குட்டிக்குத் தெளிக்க ஒரு துளி நீர் இல்லை.

"பால் வத்திப்போச்சுங்க பெரியாத்தா. நாளைக்கு இவ தாங்கமாட்டா," என்றாள் கொன்றை.

"எங்காத்தா வாலப் புடிச்சிக்கிட்டு ஒருக்கா போன ஊத்து ஒண்ணு இருக்குது. வாங்க," என்றாள் காரிச்சி.

வழி தப்பவில்லை. ஆனால் இந்த அறுபது வருடத்தில் பாறைகளுக்கு நடுவே முட்புதர் மண்டிவிட்டது. முட்டி மோதி நுழைந்தவளின் காதோரங்கள் இரண்டும் கொக்கிமுள்ளில் மாட்டிக்கொண்டன. முன்னே போனால் ஓரம் கிழியும். அந்த ஓரத்தில்தான் குட்டியின் பெயர் இருந்தது, நான்கு நாள் யோசித்து வைத்த பெயர். பின்னால் குட்டி முனகியது.

"பேரு போனாப் போகுது. புள்ள இருக்கோணும்!"

ஒரே எட்டு. காது பரபரவென்று கிழிந்தது. புதர் திறந்தது. எதிரே ஊற்று, அன்று போலவே பொங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் வயிறு முட்டக் குடித்தார்கள். மாலைக்குள் கொன்றைக்குப் பால் சுரந்துவிட்டது. காரிச்சி துதிக்கை நிறைய நீரெடுத்துக் குட்டியின் தலையில் பொழிந்தாள். பெயர் வரவில்லை.

"இது யாரு புள்ள கண்ணு?" என்று கேட்டாள்.

கொன்றைக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி தலைநிமிர்ந்து சொன்னாள்:

"நம்ம புள்ளதாங்க. பேரு காரிச்சி."

"என் பேரா? நாளைக்கு அதையும் மறந்துட்டேன்னா?"

"உங்க பேரு காதோட அடியில இருக்குதுங்க பெரியாத்தா. எந்த முள்ளும் அங்க எட்டாது."

அன்று முதல்தான், மூத்த யானையின் காதோரம் கிழிந்திருக்கிறது; மூத்தவர்களுக்கு நேற்றைய பேச்சு நழுவினாலும் அந்தக் காலத்து வழி நழுவுவதில்லை; நாமும் அவர்கள் பெயரையே நம் பிள்ளைகளுக்கு வைத்து, வாய் நிறையக் கூப்பிடுகிறோம்.