ஈச்சன் கேட்ட முடிச்சு

பறவைகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிகளின் சபையைப்போல் கட்டுப்பாடான சபை வேறெதுவும் இல்லை. கிணற்றுப் பக்கம் சாய்ந்து நின்ற ஒரு பனைமரத்தில் தினமும் வெயில் ஏறியதும் அது கூடும். எந்த நார் அறாது, வாசல் குழாய் எவ்வளவு நீளம் தொங்கலாம், முடிச்சை எப்படி இறுக்குவது என்று கூடு பின்னும் பேச்சு மட்டும்தான் அங்கே நடக்கும்.

சபையை நடத்தியவன் கூரலகன். யாராவது மழை, பருந்து, பிள்ளைகள் என்று வாயெடுத்தால், காய்ந்த பனைமட்டையில் 'டொக்' என்று ஒரு கொத்துக் கொத்துவான்.

"அது பின்னல் இல்லை!"

பேச வந்த குருவி பாதியில் அடங்கிவிடும். கூரலகன் பொல்லாதவன் அல்ல. அந்த ஆண்டு அடித்த காற்றில் ஒரு குஞ்சுகூடக் கிணற்றில் விழவில்லை. பேச்சு சிதறாததால்தான் அந்த நன்மை என்று அவன் நம்பினான்.

ஒருநாள், அவனுக்கு அடுத்த ஓலையில் கூடு கட்டிக்கொண்டிருந்த ஈச்சன் கேட்டான்: "அண்ணே, கூட்டைத் தாங்கும் நடுப்பட்டையில் முடிச்சு நிற்கவில்லை."

"நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு வெளியே இழு, தம்பி."

மறுநாளும் ஈச்சன் அதையே கேட்டான். கூரலகனும் பொறுமையாக அதையே சொன்னான். மூன்றாம் நாளும் கேட்டபோது கொறியன் என்ற குறும்புக்காரக் குருவி சிரித்தது. "என்ன ஈச்சா, அலகில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டா முடிச்சுப் போடுகிறாய்?"

மரமே சிரித்தது. ஈச்சன் சிரிக்கவில்லை.

"சொன்னபடிதான் செய்தேன் அண்ணே. என் துணை தினைமணி பார்த்துப் பிடித்துப்போன கூடு அது. அவள்..."

டொக்! "அது பின்னல் இல்லை, தம்பி."

ஈச்சன் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். "சரி, பின்னலைப் பற்றியே கேட்கிறேன். யாரும் குடிவரப்போகாத கூட்டுக்குக் கடைசி முடிச்சு எங்கே போடுவது?"

தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், கூரலகன் அலகை மட்டையில் தேய்த்துக்கொண்டான்.

"கேள்வி தெளிவாக இல்லை. நாளைக்குத் தெளிவாகக் கேள்" என்றான்.

மறுநாள் ஈச்சன் வரவில்லை. கூரலகன் அடுத்த ஓலைக்குப் பறந்துபோய்ப் பார்த்தான். கவிழ்த்த கொட்டாங்கச்சிபோல் பாதிக் கூடு தொங்கியது. நடுப்பட்டையை அலகால் இழுத்தான். ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தான். ஒன்றுகூட அவிழவில்லை. அந்த மரத்திலேயே அவ்வளவு இறுக்கமான முடிச்சுகள் வேறு எந்தக் கூட்டிலும் இல்லை.

"தினைமணியை நாலு நாளைக்கு முன்பே வல்லூறு கொண்டுபோய்விட்டது" என்றது கீழ் ஓலையில் இருந்த ஒரு பெண்குருவி.

"யாரும் என்னிடம் சொல்லவில்லையே!"

"அன்றைக்கே சொல்ல வந்தேன், அண்ணே. நீங்கள் மட்டையைத் தட்டினீர்கள்."

கூரலகன் கரும்புக் கொல்லை, நெல்வயல், ஈச்சங்காடு எல்லாம் தேடினான். ஈச்சன் கிடைக்கவில்லை, பிறகு ஒருபோதும் வரவும் இல்லை.

அடுத்த சபையில் கூரலகன் மட்டையைத் தொடவில்லை. "முதலில், எல்லாரும் நலமா?" என்று கேட்டான். ஒருத்தி அழுதாள். ஒருவன் குஞ்சுக்கு இரை செரிக்கவில்லை என்றான். கொறியன் ஏதோ சொல்ல, பேச்சு மழைக்குப் போய், கம்பங்கொல்லைக்குப் போய், இருட்டும்வரை ஓயவில்லை. அன்று இளங்குருவி ஒன்று வாசல் குழாயைப் பற்றிக் கேட்ட கேள்வி அந்த இரைச்சலில் மூழ்கிப்போனது. அது கூரலகன் காதில் விழத்தான் செய்தது. ஆனாலும் அவன் மட்டையைத் தட்டவில்லை.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி மரங்களில் முடிச்சைப் பற்றித் தொடங்கும் பேச்சு ஊர்ப் பேச்சாக நீள்கிறது. மற்றக் கூடுகளின் நடுவே, ஈச்சன் விட்டுப்போனதைப்போல் முடிக்காத கூடு ஒன்றும், எல்லா முடிச்சும் இறுகி, காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.