தேரி ஏறப் பழகியவர்

தேரி என்கிற செம்மணல் மேடுகளில் வண்டி ஓட்டப் பழக வருகிறவர்கள் ஜெபக்கனியை ஆசான் என்றுதான் கூப்பிட வேண்டும். வயது கணக்கில்லை. அவளுக்கு முப்பத்தொன்று. புதிதாக வந்த சீடர் சிவனணைந்தபெருமாளுக்கு அறுபது. இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி அவள் பட்டறை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பங்குனி உத்திரத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தேரிக்குள் இருக்கிற குலசாமி சாஸ்தாவிடம் மனைவி பூரணத்தைக் கூட்டிப் போக வேண்டும். வாதம் வந்து அவளுக்கு இடது கையும் காலும் விளங்காமல் போயிருந்தன. போன வருடம் வாடகை வண்டியில் கூட்டிப் போனார். அவரே ஓட்டினார். மணலில் புதைந்தது. டிராக்டர் வந்து இழுத்துப் போய்ச் சேர்வதற்குள் பூசை முடிந்து நடை சாத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பூரணம் சாமி பேச்சையே எடுக்கவில்லை.

சீடர் ஒரு தாளை நீட்டினார். வாங்க வேண்டிய சாமான்களை எழுதியிருந்தார்.

"பல் வச்ச பெரிய டயர்" என்று ஆசான் வாசித்தாள். "அது மணலைத் தோண்டும். அண்ணாச்சிக்குக் கோவிலுக்குப் போகணுமா, கிணறு வெட்டணுமா?"

"வீடியோவுல எல்லாவனும் போடுதான்."

"கூரை வரைக்கும் போற காத்துக் குழாய். இது ஆத்துக்குள்ள இறங்குற வண்டிக்கு. தேரியில எந்த ஆறு ஓடுது?"

எல்லாவற்றையும் அடித்துவிட்டு நான்கு பொருள் எழுதினாள். காற்று அளக்கும் மீட்டர், கால் பம்ப், மண்வெட்டி, நாலு பழைய சாக்கு.

"இவ்வளவுதானா?"

"பின்னால இருக்கிற இரும்புப் பெட்டியை இறக்கிருங்க. வெயிட்டு."

"இறக்கி?"

"இங்க கிடக்கட்டும்."

சீடர் பெட்டியை இறக்கவில்லை. அவர் கண் பட்டறையின் பின்பக்கம் போனது. அங்கே நீல டிராக்டர் ஒன்று நின்றது. போன வருடம் அவரை இழுத்த அதே டிராக்டர்.

"அது யாருக்குள்ளது?"

"எங்க அண்ணன் தானியேலுக்கு."

சீடர் தலையாட்டினார். பெட்டியைத் தன் வீட்டில் கொண்டுபோய் இறக்கிப் பூட்டி வைத்தார்.

மறுநாள் காலை பயிற்சி. தார் ரோடு முடிகிற இடத்தில் டயர் காற்றைப் பதினெட்டு பவுண்டுக்கு இறக்கிவிட்டு மேடு ஏறி வரும்படி ஆசான் சொல்லியிருந்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒற்றைப் பனையடியில் காத்திருந்தாள்.

சீடர் நான்கு டயர் பக்கமும் குனிந்தார். குனிந்து நிமிர்ந்தார். அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் தினமும் காலையில் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, ணங்கென்று சத்தம் வந்தால்தான் அவர் பஸ்ஸை எடுப்பார். நல்ல டயரைக் காற்றுப் போன டயராக்கச் சொல்கிறாள் ஒருத்தி. அவள் அண்ணனுக்கு டிராக்டர்.

பாதி மேட்டில் பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் இறங்கின.

ஆசான் நடந்து வந்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். முப்பத்தைந்து.

"இறக்கலையா?"

"ஏன் இறக்கணும்? சொல்லு. வண்டி புதைஞ்சா யாருக்கு லாபம்? உத்திரத்தன்னைக்கு உங்க அண்ணன் எத்தனை வண்டி இழுப்பான்?"

"பத்துப் பதினஞ்சு இழுப்பான்."

"பாத்தியா! நீயே சொல்லுத. பின்ன ஒன்னை நான் எப்படி நம்ப?"

"நம்பச் சொல்லலியே" என்றாள் ஆசான். கீழே கிடந்த குச்சி ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்த ஒரு டயர்ல நீங்களே இறக்குங்க. கீழே உக்காந்து பாருங்க. நான் தள்ளி நிக்கேன்."

அவள் பத்தடி தள்ளிப் போய், முதுகு காட்டி நின்றாள். அதிலும் ஏதோ சூது இருப்பதாகத்தான் சீடருக்குப் பட்டது. இருந்தாலும் உட்கார்ந்து, குச்சியால் வால்வை அழுத்தினார். காற்று சீறியது. டயர் மெல்ல அகன்று, யானைக் கால் மாதிரி மணல்மேல் பரந்தது. மீட்டரைப் பார்த்தார். மறுபடி டயரைப் பார்த்தார். எழுந்து அடுத்த டயருக்குப் போனார்.

மண்ணை வெட்டித் தள்ளிச் சாக்கு விரித்தார்கள். வண்டி வெளியே வந்தது.

"பிரேக்கைத் தொடாதீங்க. நிறுத்தணும்னா இறக்கத்துல நிறுத்துங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லித் தரவில்லை.

உச்சிவெயிலுக்குள் சீடர் மூன்று மேடு ஏறி இறங்கிவிட்டார். ஒரு தடவைகூடப் புதையவில்லை. கால் பம்பை மிதித்துத் திரும்பக் காற்று ஏற்றும்போது கேட்டார்.

"உத்திரத்தன்னைக்கும் இதே மாதிரி போயிரும்லா?"

"போகும். புதையவும் செய்யலாம். காத்து ஒரு ராத்திரி அடிச்சா மணல் மாறிரும்."

சீடர் பம்பை விட்டார். "அப்ப நீ எதையோ சொல்லாம வச்சிருக்க. இன்னும் ஒரு சாமான் இருக்கு. என்னதுன்னு சொல்லு, வாங்கிப் போடுதேன். அவளை மறுபடியும் நடுத்தேரியில உக்கார வைக்க என்னால ஆகாது."

ஆசான் கேட்டாள். "போன வருசம் புதைஞ்ச இடத்துலருந்து கோவில் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பந்தல் தெரிஞ்சுது. மணிச் சத்தமும் கேட்டுது."

"ஆள் நடமாட்டம்?"

"உத்திரம்லா? சாரை சாரையா போறாங்க. நாலு பயலுவ வந்து நின்னு, அம்மாவை வண்டியில கிடந்த நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போறோம்னானுவ."

"நீங்க?"

"யாரு எவன்னு தெரியாது. அவ கழுத்துல செயின் கிடக்கு. கீழே போட்டுட்டான்னா? வேண்டாம், டிராக்டர் வரும்னு சொல்லிட்டேன்."

"அதுக்குப் பூரணக்கா என்ன சொன்னாங்க?"

"அவகிட்ட நான் கேக்கலியே" என்றார் சீடர். காற்று பாதி ஏறிய டயரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வீட்டுக்குப் போய் அதைக் கேளுங்க அண்ணாச்சி" என்றாள் ஆசான். "சாமான் என்னன்னு அப்புறம் பாப்போம்."