குழாய்க்கு வைத்த பொட்டு

இதை எப்படி நாசூக்காகச் சொல்வது? மேலக்கரை மடத்துச் சாமிக்கு உட்காருகிற இடத்தில் கட்டி வந்துவிட்டது.

சாமி நின்றுகொண்டே பாடம் சொன்னார். குரு நிற்க நாம் உட்காருவதா என்று சீடர்களும் நின்றார்கள். பார்த்தவர்கள் மடத்துக்குள் பஸ் வருமோ என்று நினைத்திருப்பார்கள்.

சிரிக்கிற விஷயமும் இல்லை. சாமிக்குச் சர்க்கரை உண்டு. கட்டியை அறுத்தே ஆக வேண்டும், அறுக்கிற இடத்தில் சுத்தம் இல்லாவிட்டால் புரையோடி உயிருக்கே உலை வைத்துவிடும். காய்ச்சல் வேறு ஆரம்பித்திருந்தது.

"எங்க போகலாம், தணிகாசலம் ஐயா?" என்றார் சாமி.

தணிகாசலம் சாமியைவிட வயதில் மூத்த சீடர். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் வாசலில் கால் வைத்தால் ஓட்டல்காரர்கள் ஈயை விரட்டிவிட்டுத்தான் வணக்கம் வைப்பார்கள். வேலை ஓய்ந்தாலும் அந்தப் பெருமை ஓயவில்லை.

"நான் பாத்துட்டு வந்துடறேன் சாமி. என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது."

கடைத்தெரு கிளினிக்கைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"தரையில முகம் பாக்கலாம் சாமி. ஏசி இருக்கு. சுவர் பூரா சர்டிபிகேட். எல்லாத்துக்கும் மேல, டாக்டர் பெரிய பக்திமான்."

"எப்படித் தெரியும்?"

"வந்து பாருங்க."

போனார்கள். மற்ற நோயாளிகள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சாமி மட்டும் கை கழுவும் தொட்டியின் பக்கத்தில் நின்றார். குழாயின் திருகில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். கத்தி, கத்திரிகளை வேகவைக்கும் பெட்டியின் மூடியிலும் அப்படியே.

"இது எப்ப வெச்ச பொட்டு?" என்று கேட்டார் சாமி.

தணிகாசலத்துக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "ஆயுத பூஜைக்கு வெச்சது. விசாரிச்சுட்டேன். தை பொறந்தாச்சு, துளி கலையலை பாருங்க. அவ்வளவு மரியாதையா வெச்சிருக்காங்க."

அந்த நேரம் டாக்டர் யாருக்கோ சீழ் எடுத்துவிட்டு, கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "அடுத்து யாரு? சாமியா? வாங்க, வாங்க."

சாமி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். அந்தக் கட்டியோடு அவர் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"என்ன சாமி, பயமா?"

"ரொம்ப."

பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள். பஸ் காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் சாமி நின்றுகொண்டே வந்தார். தணிகாசலமும் நின்றார். சர்வீஸ் பூரா பார்த்துப் பழகிய தன் கண்ணை சாமி நம்பவில்லையே என்று அவருக்கு மனசு வலித்தது.

ஆஸ்பத்திரிச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. தணிகாசலம் மூக்கைச் சுளித்தார். உள்ளே ஒரு நர்ஸ், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தார். சோப்பு அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. குழாயைத் திறக்கும்போதெல்லாம் கீச்சென்றது. கத்திப் பெட்டியிலிருந்து ஆவி வந்தது.

டாக்டரம்மா கட்டியை அறுத்து, கட்டுப் போட்டார். "நல்ல வேளை, இன்னைக்கே வந்தீங்க. இனி பயமில்லை" என்றார்.

சாமி குப்புறப் படுத்திருந்தார். தணிகாசலம் பக்கத்தில் வந்து நின்றார். மனசு கேட்கவில்லை.

"வைத்தியம் நல்லாத்தான் பண்றாங்க சாமி. ஆனா பக்தி போதாது. குழாயிலயும் சரி, அந்தப் பெட்டியிலயும் சரி, ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டு வெச்ச அடையாளம்கூட இல்லை."

சாமி தலையை மட்டும் திருப்பினார்.

"வெச்சிருப்பாங்க ஐயா. நிக்கலை."