பத்து மணிக்கு விரிந்த கை

அக்குபஞ்சர் வைத்தியர் தணிகாசலத்துக்கே பக்கவாதம் வந்துவிட்டது. ஊர் சும்மா இருக்குமா? "ஊருக்கெல்லாம் ஊசி குத்தினாரு, இப்ப இவருக்கு யாரு குத்துறது?" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

குத்தியவள் லூர்து மேரி. நர்ஸ் வேலையில் ரிட்டயர் ஆனபின் அவரிடம் தொழில் படிக்க வந்தவள். அவரைவிட எட்டு வயது மூத்தவள். ஆனாலும் அவர்தான் அவளுக்குக் குரு.

அவருடைய வலது கை மார்போடு மடங்கி, விரல்கள் இறுகிக் கிடந்தன. வாயும் குழறியது. தினமும் காலையில் ஊசி போட்டு எடுத்தால் தசை தளரும், விரல் விரியும். ஒரு மணி நேரம்தான். அப்புறம் பழையபடி இறுகிவிடும்.

மேரிக்கு ஒரு யோசனை வந்தது. பாழாய்ப்போன யோசனை! விரல் விரிந்த கையோடு சரியாகப் பத்து மணிக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நோயாளிகள் காத்திருக்கும் முன்னறையில் உட்கார வைத்தாள். பதினொன்றுக்குள் உள்ளே கொண்டுபோய்விட்டாள். தினமும் இதே கூத்து. அவரும் தடுக்கவில்லை.

"அடேயப்பா, சாருக்கே கை வந்துருச்சே!"

பெஞ்சில் இடம் போதவில்லை.

வந்தவர்களில் ஒருவர் கருத்தப்பாண்டி. பரோட்டா போடுகிறவர். அவருக்கும் அதே நோய், அதே வலது கை.

"மறுபடி மாவு வீசணும்க்கா. எனக்கு வேற தொழில் தெரியாது."

"வந்துரும் தம்பி. சாரைப் பாருங்க."

ஒரு மாதம் போனது. ஒருநாள் கருத்தப்பாண்டி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரில கைக்குப் பயிற்சி குடுக்குறோம்னு கூப்பிட்டாங்க. போறதையே நிறுத்திட்டேன்க்கா. அதான் ஊசி இருக்கே."

மேரிக்குப் பகீரென்றது. என்றாலும் அடுத்த ஊசியை எடுத்தாள். உள்ளே படுத்திருந்த தணிகாசலத்தின் காதிலும் அது விழுந்தது.

மறுநாள் காலை அவர் ஊசித் தட்டைத் தள்ளிவிட்டார்.

"வேண்டாம்."

பத்து மணிக்கு, வலது காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே முன்னறைக்கு வந்தார். கருத்தப்பாண்டியின் எதிரே உட்கார்ந்தார். மூடிய கையைக் காட்டினார்.

"பிரிங்க."

கருத்தப்பாண்டி இடது கையால் முயன்று பார்த்தார். ஒரு விரல்கூட அசையவில்லை.

"நேத்து விரிஞ்சிருந்துச்சே சார்?"

"ஒரு மணி நேரம். தினமும்... அவ்வளவுதான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "தளர்ந்த நேரத்துல... பயிற்சி செய்யணும். ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே."

"அப்ப, எனக்குப் போன ஒரு மாசம்?"

கருத்தப்பாண்டி எழுந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

மேரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இப்படி மானத்த வாங்கிட்டீங்களே சார்! இருபது வருஷமா சம்பாதிச்ச பேரு. இனிமே யாரு வருவா இங்க?"

தணிகாசலம் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராம நின்னுபோனவங்க எல்லாம்... குணமாயிட்டாங்கன்னுதான்க்கா... இருபது வருஷமும் நான் நெனச்சேன்."