எருமை கொடுத்த முடி

அந்தக் காலத்தில் எருமைக்கு முழங்கால் வரை முடி தொங்கும். வாயும் உண்டு, கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். இன்றைக்கு அதைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

ஆற்றங்கரை ஊரொன்றில் பூவாத்தாள் என்று ஒரு பொம்மைக்காரி இருந்தாள். துணியில் உடம்பு தைத்து, வைக்கோல் அடைத்துப் பொம்மை செய்வாள். பொம்மைத் தலைக்கு முடி வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இப்போது டோப்பா என்கிறோமே, அந்த வேலை. எந்த முடி கிடைத்தாலும் ஒவ்வொரு இழையாக விரலில் உருட்டிப் பார்ப்பாள். வேர் எது, நுனி எது என்று விரலுக்கே தெரிந்துவிடும். வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கிய பிறகுதான் சின்னத் துணித் தொப்பியில் வரிசையாகத் தைப்பாள். தலைகீழாக நாலு இழை கலந்தால் போதும், கொஞ்ச நாளில் மொத்தமும் ஒன்றோடொன்று பின்னிச் சிக்காகிவிடும்.

அவள் புருஷன் காய்ச்சலில் போனபோது கையில் இரண்டு மாதப் பெண்பிள்ளை. மயிலாள் என்று பேர். அழுது அழுது பூவாத்தாளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. வீட்டிலிருந்த கரிச்சி என்ற எருமைதான் பிள்ளைக்குப் படியளந்தது. கரிச்சிக்கும் ஒரு கன்று இருந்தது. அது முட்டி முட்டிக் குடித்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சாதே என்று பயந்து, கறக்கும் வேளை வரைக்கும் அதை ஆற்றோரத்து மரத்தில் கட்டிவைப்பாள் பூவாத்தாள். ஐப்பசியில் ஒருநாள் மலையில் கொட்டிய மழை ஒரே மூச்சில் வெள்ளமாக வந்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மரம் இருந்தது, அறுந்த கயிறு இருந்தது. கன்று இல்லை.

"என்ற கன்னு எங்க அம்மணி?" என்று கேட்டது கரிச்சி.

"மேயப் போயிருக்குது. வந்துரும்."

கன்று வரவில்லை. கரிச்சிக்குப் பால் இறங்கவில்லை. "நான் வேணும்னே பாலை ஒளிச்சு வெச்சிருக்கறேனா? அவன் மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குச் சுரக்கும்" என்றது பாவம். மறுநாள் மயிலாளின் அழுகை பூனைக்குட்டியின் சத்தமாகச் சிறுத்துப்போயிற்று.

பூவாத்தாளுக்குத் தெரிந்தது ஒரே வேலை. பழந்துணியில் கன்று தைத்து வைக்கோல் அடைத்தாள். முடிக்கு எங்கே போவது? தேங்காய் நாரைக் காட்டிப் பெற்றவளை ஏமாற்ற முடியுமா? நேரே கரிச்சியிடமே போனாள்.

"கரிச்சி, பொம்மைக்கு முடி வேணும். உன்றதக் குடுப்பயா?"

"எவ்வளவு?"

"அத்தனையும்."

கரிச்சி தலையை நீட்டிக் கொடுத்தது. "எடுத்துக்க. நெத்தியில மட்டும் துளி விட்டுரு. கன்னு வந்தா அம்மாளை அடையாளம் தெரியோணுமல்ல."

பூவாத்தாள் நிமிர்ந்து பார்க்காமல் வெட்டினாள். வெட்டிய முடியைப் பிரித்து அடுக்க ஒரு பகல் முழுக்க வேண்டும். பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இல்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வேர் பார்க்காமல், நுனி பார்க்காமல், அப்படியே அள்ளித் தொப்பியில் தைத்துக் கன்றின் தலையில் மாட்டினாள். நீண்ட முடி தொங்கி உடம்பையும் மூடிக்கொண்டது.

சாயங்காலம் தொழுவத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். தன் வாசனையே அடித்ததால் கரிச்சி சந்தேகப்படவில்லை. "ஏன்டா பேச மாட்டேங்கற? அம்மா மேல கோவமா?" என்று கேட்டுக்கொண்டே நக்கியது. மடி சுரந்தது. மயிலாள் வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினாள். மூன்று நாள் இப்படிப் போனது. பிள்ளை பிழைத்துவிட்டது என்றே பூவாத்தாள் நம்பினாள்.

நாலாம் நாள் காலையில் முடி முழுக்கச் சிக்கு. எச்சில் பட்டுப் பட்டுக் கட்டியாகிவிட்டது. பெற்ற மனசு சும்மா இருக்குமா? நாக்கால் சிக்கெடுக்கப் பார்த்தது கரிச்சி. வரவில்லை. பல்லால் கவ்வி இழுத்தது. தொப்பி முழுசாக வாயோடு வந்துவிட்டது. அடியில் பழந்துணி, தையல், பிதுங்கிய வைக்கோல்.

கரிச்சி கத்தவில்லை. "அம்மணி, என்ற கன்னு எங்க?"

"ஆத்தோட போயிருச்சு. நாந்தான் அங்க கட்டிவெச்சேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா எறங்கித் தேடியிருப்பேனே" என்றது கரிச்சி. அதுதான் அது கடைசியாகப் பேசிய பேச்சு.

அது நடந்து போய் ஆற்றில் இறங்கியது. உடம்பு முங்கி மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பூவாத்தாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நின்று கூப்பிட்டாள், கெஞ்சினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். கரிச்சி திரும்பவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் மயிலாள் அவள் தோளிலேயே அடங்கிப்போனாள். அது தெரியாமல் அவள் இன்னும் கொஞ்ச நேரம் பாலுக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெட்டிய முடி பிறகு வளரவே இல்லை; எருமை இனத்துக்கே முடியும் போயிற்று, பேச்சும் போயிற்று. வெயில் தாங்காமல்தான் எருமை குட்டையில் கிடக்கிறது என்பார்கள். சொரணை கெட்ட ஜென்மம் என்றும் ஏசுவார்கள். எனக்கு அந்த ஏச்சு காதில் விழுந்தாலே ஆகாது. அன்று முதல்தான் எருமை தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடுகிறது; கரையில் நின்று யார் கூப்பிட்டாலும் லேசில் ஏறுவதில்லை.