ஆற்றின் மேல் ஒரு திருட்டு வழக்கு

மருதூர் ராஜா பரவெழிலனுக்குக் கோபம் வந்தால் யாரையாவது கைது செய்தே ஆகவேண்டும். அன்றைக்கு அகப்பட்டது ஆறு.

"நீராழி மண்டபத்தில் முழங்கால் அளவு சேறு! ராஜாவாகக் குளிக்கப் போனேன், எருமையாக எழுந்து வந்தேன். பிடியுங்கள் அந்த ஆற்றை!"

"ஆமாம் பிரபு, ஆறு கெட்டுப்போய்விட்டது," என்று தலையாட்டினார் மந்திரி கோளரியார். ஆறு பிறக்கும் மலையை மொட்டையடித்து இஞ்சி போட்டிருப்பவர் அவர்தான்.

அவையின் விகடகவி வல்லபிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஏழு மாதக் குழந்தை அந்தத் தண்ணீரைக் குடித்து நான்கு நாளாகத் துவண்டு கிடந்தது. எத்தனை முறை வடிகட்டினாலும் தண்ணீர் சிவப்புதான்.

"மலையில் மரம் இருந்தவரை ஆறு தெளிவாகத்தானே வந்தது, பிரபு?"

"மலை எங்கே, மண்டபம் எங்கே! பிள்ளை பெற்றதும் புத்தி மழுங்கிவிட்டதா, அம்மணி?" என்று இளித்தார் மந்திரி. "இவளே ஆற்றைப் பிடித்து வரட்டும், பிரபு. பத்து நாள். முடியாவிட்டால் இனி அவையில் வாய் திறக்கக்கூடாது."

"அப்படியே!" என்றார் ராஜா.

வல்லபி ஓலையும் எழுத்தாணியும் எடுத்தாள். வாயை மூடிவிட்டால் குழந்தை காலமெல்லாம் சேற்றைத்தான் குடிக்க வேண்டும்.

"குற்றம் என்னவென்று எழுதட்டும்? 'என் மலைத் தோட்டத்து மண்ணை ஆறு திருடுகிறது' என்று போன மாதம் மந்திரியாரே புகார் கொடுத்தாரே, அதையே எழுதட்டுமா?"

"எழுது, எழுது! திருட்டு ஆறு!" என்றார் மந்திரி உற்சாகமாக.

களவுபோன பொருள் கிடைத்தால் மேளம் கொட்டி உடையவர் வாசலில் இறக்குவது மருதூர் வழக்கம். உடையவர் வேண்டாம் என்றால், அது களவுபோன இடமும் அரசுக்குச் சேரும்.

பத்தாம் நாள் மந்திரி வீட்டு வாசலில் மேளச்சத்தம். அறுபது வண்டிச் சேறு. நடுநடுவே இஞ்சி முளைத்து எட்டிப் பார்த்தது. ராஜாவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"என்ன அக்கிரமம் இது! என் பல்லக்கு எப்படி வெளியே போகும்?" என்று அலறினார் மந்திரி.

"உங்கள் மண்தான், ஐயா. இஞ்சியே சாட்சி. இது மண்டபத்துச் சேறு மட்டும். குளத்துச் சேறு நாளைக்கு. வாய்க்கால் சேறு மாசி வரைக்கும் வரும்."

"ஐயோ, மண்ணும் வேண்டாம், மலையும் வேண்டாம்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மலை இனி அரசுடையது! இஞ்சியைப் பிடுங்கி மரக்கன்று நடுங்கள். அது சரி வல்லபி, ஆறு எங்கே? பிடித்து வருவதாகத்தானே பேச்சு?"

"விட்டுவிட்டேன், பிரபு. மலைக்கு மரம்தானே கதவு? வீட்டுக்காரரே கதவைக் கழற்றி விறகாக விற்றிருக்கிறார். வழியோடு போன ஆற்றைப் பிடித்து என்ன செய்ய?"