கொம்பையாவின் நாற்பது எருமைகள்

முள்ளியாற்று நாட்டை ஆண்ட செங்கண்ணராயருக்கு எல்லாரையும் போல இரண்டு காதுகள்தான். வலது காதைத் தளபதி மல்லப்பன் பிடித்துக்கொண்டார். இடது காதை ராஜகுரு பொறையானந்தர் பிடித்துக்கொண்டார். நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழித்தவள், அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் வேலாயி.

விஷயம் இதுதான். பக்கத்துப் பாளையத்துக் கொம்பையா தினமும் காலையில் தன் நாற்பது எருமைகளையும் கன்றுகளோடு இந்தப் பக்கம் ஓட்டிவிடுவான். அவை சாயங்காலம் வரை கடலை வயல்களில் மேயும். குளத்தில் இறங்கிச் சேறாக்கும். பிறகு ஆடி அசைந்து வீடு திரும்பும். கேட்டால், "வாயில்லா ஜீவன், நான் என்ன செய்ய?" என்பான்.

"போர்தான் அரசே!" என்றார் தளபதி. "தீமையைக் கண்டா வெட்டணும். நாளைக்கே படை கிளம்பட்டும்!"

"கூடாது மகனே," என்றார் குரு. "எதிர்க்க எதிர்க்கத்தான் தீமை வளரும். மேயட்டும், விட்டுவிடு."

"உங்க தாடியை மேய்ஞ்சா?"

"அதையும் விட்டுவிடுவேன். தாடி திரும்ப வளரும்."

வேலாயிக்கு இரண்டு பேச்சும் பிடிக்கவில்லை. போர் என்றால் படையில் இருக்கும் அவள் புருஷன் சடையன் முன்வரிசையில் நிற்க வேண்டும். அவருக்கோ முழங்கால் வலி. ஓடச் சொன்னால் உட்காருவார். உட்காரச் சொன்னால் அப்புறம் எழுந்திருக்க மாட்டார். போர் வேண்டாம் என்றால் எல்லையில் இருக்கும் முதல் வயல் அவளுடையது. பாதி ஏற்கெனவே எருமை வயிற்றுக்குள் போய்விட்டது. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அடி அவளுக்குத்தான். இதையே நினைத்துக்கொண்டு வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினாள், தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள்.

வாயில் போட்ட அரசர் துள்ளி எழுந்தார்.

"ஆ! நாக்கே வெந்துபோச்சு! எந்த யோசனையில இருக்கே நீ?"

"எருமை யோசனைதான் அரசே."

"என் நாக்கைப் பொசுக்கின யோசனை சும்மா போகக் கூடாது. நீயே வழி சொல்லு. எருமையை விரட்டவும் கூடாது, அதுங்க மேயறதைச் சும்மா பார்த்துக்கிட்டும் இருக்கக் கூடாது. பத்து நாள் தர்றேன். முடியலைன்னா சடையன் முதல் வரிசையில!"

வீட்டுக்கு வந்து ஒரே புலம்பல். சடையன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"நான் போருக்கே போயிடறேன்டி. அங்கே பொழுது சாய்ஞ்சா சத்தம் நின்னுடும்."

"பேசுவீங்க! எழுந்து வந்து வயலைப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு!"

சொல்லிக்கொண்டே அவளே எட்டிப் பார்த்தாள். மேய்ந்து முடித்த எருமை ஒன்று அவள் வரப்பில் நின்று அசைபோட்டது. மடி பெருத்துத் தொங்கியது. வேலாயியின் புலம்பல் பாதியில் நின்றது. சடையன் பயந்தே போனார்.

மறுநாள் அரசரிடம் போனாள். "நாற்பது குடம், கறக்கத் தெரிஞ்ச பத்துப் பொம்பளைங்க, ரெண்டு மூட்டை பருத்திக்கொட்டை. இது போதும் அரசே."

அன்று பிற்பகல் எருமைகளை யாரும் விரட்டவில்லை. பருத்திக்கொட்டையை ஆட்டித் தொட்டியில் ஊற்றி, "வாம்மா, வா," என்று நெற்றியைத் தடவிக் கொடுத்தார்கள். கன்றுக்கும் ஒரு பங்கு விட்டுவிட்டு, மற்றதைச் சொட்டு மிச்சமில்லாமல் கறந்தார்கள். எருமைகள் பரம சந்தோஷமாக, காலி மடியோடு ஊர் போய்ச் சேர்ந்தன.

அதன்பிறகு அரண்மனையில் தயிரும் வெண்ணெயும் மோரும்தான். குரு தினம் மூன்று முறை தயிர்சாதம் சாப்பிட்டார். தளபதியின் இடைக்கச்சை இரண்டு முனையும் சேராமல் நின்றது.

ஆறாம் நாள் கொம்பையா மூச்சிரைக்க அவைக்குள் நுழைந்தான்.

"அரசே! உங்க ஆளுங்க என் பாலைத் திருடறாங்க! என் வீட்டுல குழந்தைக்குக் கூட மோர் இல்லை!"

அரசர் வேலாயியைப் பார்த்தார்.

"ஐயா, உங்க எருமை எங்க வயல்ல இறங்கினப்போ நாங்க எதிர்த்தோமா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லை."

"நாங்க கறந்தப்போ எருமை எதிர்த்துச்சா?"

"பருத்திக்கொட்டையை வெச்சா அது எப்படி எதிர்க்கும்?"

"நாங்களும் எதிர்க்கலை, எருமையும் எதிர்க்கலை. நடுவுல நீங்க மட்டும் எதுக்கு இப்படிக் குதிக்கிறீங்க?"

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

மறுநாள் எல்லையில் ஒரு எருமைவால் கூடத் தென்படவில்லை. வேலாயி இத்தனை நாளில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டாள். அந்த நிம்மதி மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான்.

அரண்மனைப் பந்தியில் குழம்பு ஆயிற்று, ரசம் ஆயிற்று. குரு சோற்றில் பெரிய குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"தயிர் எங்கே?"

"எருமை வரலையே சாமி," என்றாள் வேலாயி.

குரு இலையை விட்டு எழுந்தே விட்டார். தாடி ஆடியது.

"அக்கிரமம்! நாற்பதையும் கட்டிவைத்துக்கொண்டு நம்மைத் தவிக்க விடுகிறானா? இந்தத் தீமையை இன்னுமா பொறுத்துக்கொண்டிருப்பது? மல்லப்பா, எடு வாளை!"

தூணில் சாய்ந்திருந்த தளபதி பாதிக் கண்ணைத் திறந்தார். கச்சையைத் தளர்த்திவிட்டு ஒரு கொட்டாவி விட்டார்.

"எதுக்கு சாமி சண்டை? எதிர்க்க எதிர்க்கத்தானே தீமை வளரும்? கட்டிவெச்சா வெச்சுட்டுப் போறான், விட்டுடுங்க."

அரசர் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார்.

"வேலாயி, அன்னைக்கு இவங்க சொன்னது இது இல்லையே?"

"அதேதான் அரசே. இடம் மாறி உட்கார்ந்திருக்காங்க, அவ்வளவுதான்."

அரசருக்குச் சிரிப்பில் ரசம் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சடையனுக்கு இனிப் போர் வேலை கிடையாது, கூலி மட்டும் வீடு தேடி வரும் என்று உத்தரவு போட்டார். பிறகு மற்ற இருவர் பக்கமும் திரும்பினார்.

"தளபதி, வாளை இங்கேயே வெச்சுட்டுச் சந்தைக்குப் போங்க. நமக்குச் சொந்தமா பத்து எருமை வாங்கி, நடத்தியே கூட்டிட்டு வாங்க. குருவே, நீங்களும் கூடப் போங்க. நடுவழியில ஏதாவது ஒண்ணு படுத்துக்கிட்டா, எதிர்க்கணுமா, விட்டுடணுமான்னு ரெண்டு பேரும் அங்கேயே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க!"